பன்னிரண்டு வில்லையும் ஒரு பானைப் பாலும்

வீணாவின் வீடு, நான்காம் மாடி,
ஹெப்பகோடி, பெங்களூரு.
திங்கட்கிழமை காலை.

பெருமதிப்புக்குரிய என் தமக்கையார் திருமதி தனக்கோடி அம்மாள் அவர்களுக்கு, தங்கள் ஒரே தம்பி நாராயணசாமி இரு கை கூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நான், அன்னம்மாள், குழந்தை வீணா மூவரும் நலம். கட்டடமும் நலம். கட்டடத்தின் நலத்தைத் தனியாக எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் கீழே வருகிறது. குடியாத்தத்தில் தங்கள் முழங்கால் வலியும் ரங்கநாதன் மாமாவின் சர்க்கரையும் ஒரு கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், அடக்கி வைக்க முடியவில்லை. பால் பொங்கிவிட்டது அக்கா! நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு இருபத்தாறுக்கு, ஏழரைக்கு முடிகிற முகூர்த்தத்தில் நாலு நிமிஷம் மிச்சம் வைத்து, தாங்கள் கொடுத்த அதே வெண்கலப் பானையில், தீயில், கண்ணால் பார்க்கிற நிஜத் தீயில், பொங்கி வழிந்தது. இதைப் போனில் சொல்லலாம் என்று நேற்றிலிருந்து ஒன்பது தரம் கூப்பிட்டேன். நீ எடுத்து ‘ம்’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. பிரித்தால் கடைசிவரை படித்துத்தான் கீழே வைப்பாய், அது உன் சுபாவம். மளிகை கட்டி வருகிற காகிதத்தையே முழுதாகப் படிக்கிறவள் நீ. (தாங்கள் என்று ஆரம்பித்து நீ என்று வந்துவிட்டது. மன்னிக்கவும். அறுபது வருஷப் பழக்கம்.)

பங்குனியில் வீணா இந்த வீட்டைத் தன் பேரில் பதிவு செய்தபோது நீ போனில் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். “கழுத்துல தாலி ஏறாத பொண்ணு பேர்ல வீடா? அங்க பால் பொங்குமாடா நாராயணா?” கோபத்தில் சொன்னாய், தெரியும். ஆனால் அக்கா, ஸ்பீக்கர் போட்டிருந்தது. குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து கை கழுவும்போது குழாயைப் பார்த்துக்கொண்டே, “பொங்கலைன்னா என்னப்பா ஆவும்?” என்று கேட்டாள். முப்பது வயதுப் பெண், எலெக்ட்ரானிக் சிட்டியில் பதினெட்டுப் பேருக்கு மேலே உட்கார்ந்து வேலை வாங்குகிறவள், குழாயைப் பார்த்துக் கேட்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், “ஏம்மா, உங்கப்பன் யாரு? முப்பத்துநாலு வருஷம் பாய்லர் ஓட்டினவன். மணிக்கு நாலு டன் ஸ்டீம் எடுத்தவனுக்கு ஒரு பானைப் பாலா பெரிசு? பொங்க வெக்கறதுதான்மா என் தொழிலே” என்று சொல்லிவிட்டேன். சொன்னது வாய். மாட்டிக்கொண்டது நான்.

ஏனென்றால் இந்த வீட்டில் தீ இல்லை. சமையல் மேடையில் கண்ணாடி போட்ட நாலு பர்னர் அடுப்பைப் பளபளவென்று பதித்தாகிவிட்டது, குழாய் கேஸ்தான் வரவில்லை. ‘இணைப்பு செவ்வாய்க்கிழமை தரப்படும்’ என்று கதவில் சீட்டு ஒட்டியிருந்தார்கள். சிலிண்டர் கொண்டுவரலாம் என்றால் கட்டடத்துக்குள் சிலிண்டருக்குத் தடை. செக்யூரிட்டி சூப்பர்வைசர் நரேஷ் கேட்டிலேயே ஆட்டோவை மறித்து, “நம்ம அசோசியேஷன் ரூல் சார், ஒளகே பேடா” என்று, உள்ளே வேண்டாம் என்று, திருப்பி அனுப்பிவிட்டான். வீணா கரண்ட் அடுப்பு வாங்கலாம் என்றாள். உன்னிடம் கேட்டேன். “தீ இல்லாம பொங்கினா அது பொங்கினதா? அது கரண்டு பில்லு” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாய். தேதியைத் தள்ளலாம் என்றால் வைகாசியில் இதுதான் கடைசி முகூர்த்தம். ஆனி ஆகாது, ஆடி ஆகவே ஆகாது, ஆவணி வரைக்கும் வீட்டைப் பூட்டி வைக்க வேண்டும். ஆகவே அக்கா, பின்னால் நடந்த அத்தனைக்கும் ஆதி காரணம் நீதான். குறை சொல்லவில்லை. ஷிஃப்ட் முடிந்து லாக் புக்கில் எழுதுகிற மாதிரி வரிசையாக எழுதுகிறேன், அவ்வளவுதான்.

வீணா லீவு நாட்களில் ஆபீஸ் பிள்ளைகளோடு மலை ஏறப் போகிறவள் என்பது உனக்குத் தெரியும், அதற்கும் நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாய். அந்த மலை மூட்டையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து வந்தாள். சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். இரண்டு பக்கத்தையும் விரித்தால் அடுப்பு! அதற்கு எரிபொருள் தனியாக ஒரு பெட்டி, பன்னிரண்டு வெள்ளை வில்லைகள். ஹோட்டல் குளியலறையில் வைக்கிற குட்டி சோப்பு அளவு. பார்க்க அசல் கட்டிக் கற்பூரம். ஒன்றைப் பற்ற வைத்தால் பன்னிரண்டு நிமிஷம் எரியுமாம், புகை கிடையாதாம், சாம்பல் கிடையாதாம், மலை உச்சியில் அதில்தான் காபிக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பார்களாம். “இது நெஜத் தீப்பா. அத்தைக்கும் ஓகே, அசோசியேஷனுக்கும் ஓகே” என்றாள். நான் அசோசியேஷன் தடைப் பட்டியலை எடுத்துப் படித்தேன். சிலிண்டர் இருந்தது, விறகு இருந்தது, கரி இருந்தது, மண்ணெண்ணெய் இருந்தது. வில்லை இல்லை! எனக்குக் கையெல்லாம் பரபரத்தது அக்கா. ரிட்டயர் ஆகிப் பதினாலு மாதம், ஒரு தீக்குச்சி கிழிக்க ஆள் கூப்பிடவில்லை என்னை. இதோ என் கையில் ஒரு ஃபர்னஸ், சட்டைப் பையில் அடங்குகிற ஃபர்னஸ்!

எந்த பாய்லரையும் ட்ரையல் பார்க்காமல் லைனில் போடுவதில்லை. வெள்ளிக்கிழமை காலை வீடு கழுவ வந்தோம். அன்னம்மாள் கழுவினாள், நான் அடுப்பை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். புது வீட்டில் பாலுக்கு முன்னால் வேறொன்று கொதிக்கலாமா என்று நீ கேட்பாய். அதனால்தான் பால்கனி. பால்கனி வீட்டுக்கு வெளியே. நடுவில் கண்ணாடிக் கதவு, அதையும் சாத்திக்கொண்டேன். முதல் வில்லையைப் பற்ற வைத்தால் பற்றியதா இல்லையா என்றே தெரியவில்லை. பகல் வெளிச்சத்தில் அந்தத் தீ கண்ணுக்குப் புலப்படாது. குனிந்து பார்த்தேன். மீசையின் இடது பக்கம் பொசுங்கியதில் பற்றியிருக்கிறது என்று தெரிந்தது. வீணாவின் தகர மக்கில் அரை லிட்டர் தண்ணீர் வைத்தேன், வில்லை முழுதும் எரிந்து தீர்ந்தது, தண்ணீர் குளிக்கிற சூட்டில்தான் நின்றது. காற்று! தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. இரண்டாவது வில்லைக்கு அட்டைப்பெட்டியை மறைப்பாக வைத்தேன், மறைப்பு எரிந்தது, தண்ணீர் கொதிக்கவில்லை. மூன்றாவதுக்கு எண்ணெய் டின்னை வெட்டி மறைப்பு. நாலாவதுக்கு மக்குக்கு மூடி. இப்படி ஒவ்வொன்றாகத் திருத்தித் திருத்தி, நேரத்தை நோட்டில் எழுதி, ஒன்பதாவது வில்லையில், அக்கா, ஏழு நிமிஷம் நாற்பது விநாடியில் தண்ணீர் தளதளவென்று கொதித்து மூடியைத் தூக்கியது! நான் போட்ட சத்தத்தில் பக்கத்து பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் பக்கெட்டை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். எதிரே, மூன்று தெரு தள்ளி, நான் வேலை செய்த ஃபாக்டரியின் சிம்னி தெரிகிறது. கறுகறுவென்று விட்டுக்கொண்டிருந்தது. புதிதாக வந்தவன் காற்றைச் சரியாகத் திறப்பதில்லை. “இங்க பார்றா, பொகையே இல்லாம!” என்று மக்கைத் தூக்கி அவனுக்குக் காட்டினேன்.

இந்த வில்லையில் ஒரே ஒரு குறை, வாடை. எரியும்போது லேசாகக் கருவாடு சுடுகிற வாடை வரும். அன்னம்மாள் கண்ணாடியைத் தட்டிக் கதவைத் திறந்து, “ஏங்க, வெள்ளிக்கிழமையும் அதுவுமா கருவாடா சுடறீங்க? அப்புறம் இன்னொரு விஷயம்...” என்று ஆரம்பித்தாள். “பேசாத அன்னம், டைம் எடுத்துக்கிட்டிருக்கேன்” என்று கதவைச் சாத்திவிட்டேன். வேலை நேரத்தில் பேச்சுக் கொடுப்பது எனக்கு எப்போதுமே பிடிக்காது.

சனிக்கிழமை மாலை உன்னிடமிருந்து சேதி வந்தது. முழங்கால் வலி, வேன் வராது. சரி, உன் முழங்கால் வலிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். வேனில் வர இருந்த மற்ற இருபத்தொன்பது பேருக்கும் ஒரே நாளில் முழங்கால் எப்படி அக்கா வலிக்கும்? முப்பது பேருக்குப் பொங்கல், வடை, கேசரி என்று சொல்லியாகிவிட்டது. மெஸ்காரருக்குப் போன் போட்டு நிறுத்தப் போன வீணா, என்ன நினைத்தாளோ, நிறுத்தவில்லை. “இருக்கட்டும்ப்பா, யாராச்சும் வருவாங்க” என்றாள். யார் வருவார்கள்? இந்தக் கட்டடத்தில் அவளுக்குப் பழக்கம் என்று இருந்தது லிஃப்டில் அடிக்கடி பார்த்த ஒரு நாய் மட்டும்தான். அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஜனம் வராவிட்டால் போகட்டும், பால் பொங்கியே ஆக வேண்டும். அதுவும் பொங்காவிட்டால் நீ சொன்ன வார்த்தை பலித்த மாதிரி ஆகிவிடும், என் பெண் தான் சம்பாதித்த வீட்டில் காலமெல்லாம் அந்த வார்த்தையோடு குடியிருக்க வேண்டும்.

நேற்று காலை ஆறே முக்காலுக்குப் பற்ற வைத்தேன். மூன்று வில்லை கையிருப்பு. நோட்டுப்படி ஒன்றரையே போதும். இங்கேதான் அக்கா நான் கோட்டை விட்டேன். நோட்டில் இருப்பது தகர மக்கு, அரை லிட்டர் தண்ணீர், மேலே மூடி. நேற்று வைத்தது வீணா பிறந்தபோது நீ சீராகக் கொடுத்த வெண்கலப் பானை. வெறும் பானையே இரண்டரைக் கிலோ. டப்பா அடுப்பு அதைத் தாங்காது என்று இரண்டு பக்கமும் டைல்ஸ் துண்டு அடுக்கி, அந்தக் கண்ணாடி அடுப்புக்கு நாலு அங்குலம் தள்ளி, கருங்கல் மேடையில் ஏற்றினேன். பொங்கி வழிய வேண்டுமென்றால் கழுத்துவரை இருக்க வேண்டும் என்று அன்னம்மாள் இரண்டு லிட்டரை ஊற்றினாள். மூடி போடவும் கூடாது, பொங்குவது தெரிய வேண்டுமே. முதல் வகுப்பு பாய்லர் அட்டெண்டர், சர்டிஃபிகேட்டை ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறேன், இதைக்கூட யோசிக்கவில்லை! முதல் வில்லை பானையைச் சூடாக்கியதோடு சரி. இரண்டாவதில் பாலின் மேலே லேசாக ஆவி. மூன்றாவதில் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி. ஏழு மணி இருபத்தொரு நிமிஷம். வில்லை தீர்ந்தது. குமிழி அடங்க ஆரம்பித்தது.

வீணா அரக்குக் கலர் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, பானையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பங்குனியில் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றாளே, அதே முகம். அக்கா, பாய்லரில் தண்ணீர் மட்டம் இறங்கின அன்றைக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. “ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா...” என்று அன்னம்மாள் பின்னாலிருந்து ஆரம்பித்தாள். “இப்ப பேசாத அன்னம், ஸ்டீம் எறங்குது!” என்று அதட்டினேன். அப்போது என் கண்ணில் பூஜைத் தட்டு பட்டது. தட்டில் கற்பூரப் பெட்டி. வில்லையும் வெள்ளை, கற்பூரமும் வெள்ளை. அதுவும் எரியும், இதுவும் எரியும். சாமிக்குக் காட்டுகிற தீயைவிட உசத்தியான தீ உலகத்தில் உண்டா? பெட்டியோடு கவிழ்த்தேன்.

கற்பூரத்துக்கு ஒரு குணம் இருக்கிறது. கோயில் தட்டில் ஒரு கட்டி எரியும்போது தெரியாது, நூறு கிராம் சேர்ந்து எரிந்தால் தெரியும். தீ குப்பென்று எழுந்து பானையின் இடுப்பைப் பிடித்தது, பால் சிலிர்த்துக்கொண்டது, நல்ல முன்னேற்றம், ஆனால் புகை! கறுப்புப் புகை, நூல் நூலாகக் கரி பறக்கிறது. அந்த சிம்னிக்காரன் பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பான். சமையலறைக் கூரையில் வெள்ளையாக வட்டமாக ஒன்று இருந்தது, நான் அதை விளக்கு என்று நினைத்திருந்தேன். அது சிவப்பாகக் கண்ணைச் சிமிட்டியது. அடுத்த நொடி கட்டடம் முழுதும் சைரன் அலற ஆரம்பித்தது. நடுநடுவே ஒரு பெண் குரல், முதலில் இங்கிலீஷில், பிறகு கன்னடத்தில், அனைவரும் படி வழியாகக் கீழே இறங்கவும் என்று மிகவும் மரியாதையாகச் சொல்லிற்று. லிஃப்ட் தானாக நின்றுவிட்டது. மாடிக்கு மாடி கதவு திறக்கிற சத்தம், ஓடுகிற சத்தம், குழந்தை அழுகிற சத்தம். வீணா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, அணைச்சிடலாம்ப்பா, போதும்ப்பா” என்றாள். அணைப்பதா? இன்னும் ஒரு விரற்கடைதான் பாக்கி!

நரேஷ் நாலு மாடி ஏறி ஓடிவந்தான். கையில் சிவப்பாக ஒரு தீயணைப்பு சிலிண்டர். இந்தக் கட்டடத்துக்குள் அனுமதி உள்ள ஒரே சிலிண்டர் அதுதான்.

“அய்யோ பெங்கி! தீ! சார், சைடு போங்க சார், அடிக்கறேன்!”

நான் அடுப்புக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். “அடிக்காதப்பா! பால்ல பவுடர் விழுந்துரும்!”

“பாலா? என்னா சார் பாலு! பில்டிங் பூரா ஜனம் கீழ நிக்குது சார்!”

“ரெண்டே நிமிஷம்ப்பா. முகூர்த்தம் முடியப்போவுது.”

“ரூல் இல்ல சார்!”

“ரூல்ல சிலிண்டர் இருக்கு, வெறகு இருக்கு, கரி இருக்கு. கற்பூரம்னு போட்டிருக்கா? காட்டு பாக்கலாம்!”

அவன் யோசித்தான் அக்கா. நல்ல பிள்ளை, ரூல் என்று சொன்னால் நின்று யோசிக்கிறவன். சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டுப் போனில் பட்டியலைத் திறந்து, விரலால் தள்ளித் தள்ளிப் படித்தான். அவன் படித்த அந்த ஒன்றரை நிமிஷத்தில் பாலின் நடு எழும்பியது. ஆடை பிளந்தது. நுரை கழுத்துக்கு வந்தது, மஞ்சள் கொத்தைத் தொட்டது, விளிம்புக்கு வந்து ஒரு நொடி நின்றது. நரேஷ் போனை விட்டுவிட்டு எட்டிப் பார்த்து, “உக்குதாயிதே! சார், உக்குதாயிதே!” என்று கத்தினான். பொங்குகிறது என்று அர்த்தம். பொங்கியது அக்கா! நுரை நுரையாகப் பொங்கி வழிந்து, பானையின் குங்குமத்தைக் கழுவிக்கொண்டு இறங்கி, கற்பூரத் தீயின் மேல் விழுந்து அதை அணைத்தது. முப்பத்துநாலு வருஷத்தில் எந்த சேஃப்டி வால்வும் அவ்வளவு சரியாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. எந்தப் பக்கம் வழிந்தது என்று கேட்பாய். கிழக்கு! நரேஷ் போனிலேயே திசை பார்த்து உறுதி செய்தான். மணி ஏழு இருபத்தாறு. அன்னம்மாள் குலவை போட்டாள். சைரன் அதைவிடப் பெரிதாகப் போட்டது.

சைரனை நிறுத்திய பிறகு வீணா எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கக் கீழே போனாள். பின்னாலேயே நானும் போனேன். எழுபது பேர் நிற்கிறார்கள். லுங்கியில் பாதிப் பேர், நைட்டியில் மீதிப் பேர், வாயில் பிரஷ்ஷோடு ஒருவர், பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர். வீணா கை கூப்பி, “சாரி, எங்க வீட்டுல பால் காய்ச்சினோம், அதான்...” என்றாள். எனக்குத் தரையைப் பார்க்கத்தான் தைரியம் இருந்தது. அப்போது கூட்டத்திலிருந்து ஓர் அம்மாள் முன்னால் வந்தார். பால்கனியில் பக்கெட்டைப் போட்டுவிட்டு ஓடினாரே, அவர்தான். பேர் ஜூலியா, பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். “பால் காய்ச்சினியாம்மா? சொல்லக்கூடாதா? வெள்ளிக்கிழமையே வந்து பேசலாம்னு பாத்தேன். உங்கப்பா மக்கைத் தூக்கிச் சிம்னிக்குக் காட்டிக்கிட்டிருந்தாரு, பயந்து உள்ள போயிட்டேன். சரி, மணி அடிச்சுக் கூப்பிட்டுட்டீங்க, வராம இருந்தா நல்லா இருக்காது” என்றார். வீணா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு எழுபது பேரையும் பார்த்து, “எல்லாரும் வாங்க. சாப்பாடு இருக்கு” என்றாள்.

லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. எழுபது பேரும் நாலு மாடி படியேறி வந்தார்கள் அக்கா! உன் வேனுக்குச் சொன்ன முப்பது பேர் சாப்பாட்டை எழுபது பேருக்குப் பங்கு போட்டோம். ஆளுக்கு ஒரு கரண்டி பொங்கல், அரை வடை, கேசரியைக் குழந்தைகளுக்கு மட்டும் கொடுத்தோம். பானைப் பாலில் சர்க்கரை போட்டு ஜூலியா அம்மாள் மருந்து கொடுக்கிற மாதிரி ஆளுக்கு ஒரு ஸ்பூன் வாயில் ஊற்றினார். ஒன்றரை வருஷமாக ஒரே மாடியில் குடியிருக்கிறவர்கள் நேற்றுத்தான் ஒருவர் பேரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். லிஃப்ட் நாயும் வந்தது. அதை வளர்க்கிற பையன் பேர் தருண், நல்ல உத்தியோகம், நல்ல குணம். நீ உடனே ஜாதகத்தைத் தேடாதே, அவனுக்குக் கல்யாணமாகிவிட்டது. நரேஷ் இரண்டு கை பொங்கல் சாப்பிட்டுவிட்டு, இனிமேல் வீட்டுக்குள் வில்லையோ கற்பூரமோ எரிக்க மாட்டேன் என்று என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டான். தடைப் பட்டியலிலும் இரண்டையும் சேர்த்துவிட்டான். ஆரத்திக்குக் கற்பூரம் இல்லாமல் நல்லெண்ணெய் விளக்கையே காட்டினோம்.

எல்லோரும் போன பிறகு வீணா பானையைத் தானே விளக்கினாள். அடியில் வில்லைப் பிசின் பழுப்பாக ஒட்டியிருந்தது, அதற்கு மேல் கற்பூரக் கரி. தேய்த்துக்கொண்டே, “அப்பா, அத்தைக்குச் சொல்லுங்க, பால் பொங்கிச்சுன்னு. கோவமா சொல்லாதீங்க. சந்தோஷமா சொல்லுங்க” என்றாள். சந்தோஷமாகத்தான் சொல்கிறேன் அக்கா. ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். உன் பானை வந்தது, நீ வரவில்லை. யார் யாரோ எழுபது பேர் அவளுக்குப் பாலைக் குடித்து நல்லா இரு என்று சொன்னார்கள், தூக்கி வளர்த்த அத்தை சொல்லவில்லை. இப்போது பால் பொங்கிவிட்டது, அதுவும் முறைப்படி, முகூர்த்தத்தில், கிழக்கே. இனி உனக்குச் சொல்ல ஒரு வார்த்தையும் மிச்சமில்லை. வந்துவிடு.

அன்னம்மாள் ஆவி பறக்கக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். ஆறுவதற்குள் முடிக்கிறேன். ரங்கநாதன் மாமாவின் பாதங்களுக்கு என் வணக்கம். சர்க்கரை பார்க்கிற மெஷினில் வருகிற எண்ணை அவர் குறைத்துச் சொல்வார், நம்பாதே. அங்குள்ள பெரியவர்கள் ஆசி எங்களுக்கும், எங்கள் ஆசி சிறியவர்களுக்கும், வேனுக்கு முன்பணம் வாங்கிய டிரைவருக்கு என் விசாரிப்பும் உரித்தாகட்டும். குலதெய்வம் எல்லோர் முழங்காலையும் காக்கட்டும்.

தங்கள் அன்புத் தம்பி,
நாராயணசாமி,
முதல் வகுப்பு பாய்லர் அட்டெண்டர் (ஓய்வு).

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபியை ஒரு வாய் குடித்த பிறகுதான் அக்கா எனக்குப் பொறி தட்டியது. கேஸ் நாளைக்குத்தான் வரும், வில்லை தீர்ந்துவிட்டது, கற்பூரம் தீர்ந்துவிட்டது, இனி வீட்டுக்குள் இரண்டையும் எரிக்க மாட்டேன் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்தக் காபி எதில் சுட்டது? அன்னம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டேன். சமையலறைக்குக் கூட்டிப்போய், மேடைக்கு அடியில் ஒரு மஞ்சள் கைப்பிடியைக் காட்டி, கண்ணாடி அடுப்பின் குமிழைத் திருப்பினாள். நீலமாக எரிகிறது! வெள்ளிக்கிழமையே கேஸ்காரர் வந்து இணைப்புக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம். நான் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு ஏழாவது வில்லையில் இருந்தபோது. இவள்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

“ஏன்டி சொல்லல?” என்று கேட்டேன். “ரெண்டு தரம் சொல்ல வந்தேன். ரெண்டு தரமும் பேசாதன்னீங்க. நேத்து வெச்சுத் தொலைக்கலாம்னு குமிழ்கிட்ட கையக் கொண்டுபோனேன், அதுக்குள்ள பொட்டியக் கவுத்துட்டீங்க” என்றாள். அதோடு விட்டிருக்கலாம். இன்னொன்றும் சொன்னாள். கேஸ்காரர் எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனதும், இவள் எனக்குக் காபி போடலாம் என்று கொஞ்சம் பால் வைத்திருக்கிறாள். அது பொங்கிவிட்டது. பதினொன்றே காலுக்கு. வெள்ளிக்கிழமை பதினொன்றே கால் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். சுத்தமான ராகு காலம்.

ஆகவே மேலே எழுதிய முகூர்த்தம், ஏழு இருபத்தாறு, கிழக்கு எல்லாவற்றையும் அடித்துவிடு. இந்த வீட்டில் முதலில் பொங்கிய பால் அது இல்லை. “முப்பத்தாறு வருஷத்துல நீ ஒரு தரம் பாலைப் பொங்க விட்டதில்லையே, அன்னிக்கு மட்டும் எப்படி விட்டே?” என்று கேட்டேன். “நான் எங்க பாலைப் பாத்தேன்? கதவு வழியா உங்களத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். நோட்டும் கையுமா, மீசையக் கருக்கிக்கிட்டு, தனியா நின்னு சிரிச்சுக்கிட்டிருந்தீங்க. ரிட்டயர் ஆனதுலேர்ந்து உங்கள நான் அப்படிப் பாக்கல. திரும்பிப் பாக்கறேன், பால் அடுப்பு பூரா ஓடுது” என்றாள். எந்தப் பக்கம் என்று கேட்டேன். நாலு பக்கமும் என்றாள்.

வீணாவுக்கு இன்னும் தெரியாது. ராகு காலத்தில் பொங்கியதற்கு என்ன பரிகாரம், எந்த நாளில், எந்தத் திசையில் நின்று செய்ய வேண்டும் என்பதெல்லாம் நம் குடும்பத்தில் உனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும், அதைப் போனில் செய்ய முடியாது. வேன் இல்லாவிட்டால் பஸ்ஸில் வா. வரும்போது கற்பூரம் ஒரு பெட்டி வாங்கி வா, இங்கே சுத்தமாகத் தீர்ந்துவிட்டது.